பாரம் தாங்கும் சிறு இணைப்பு

கோலா சிலாங்கூர் மாவட்டத்தில் பெஸ்தாரி ஜெயா என்னும் சிற்றூர் உள்ளது. முன்னாளில் இவ்வூரின் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. இதன் அருகில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோக்கோனியே இத்தோட்டத்தில் செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் என்னும் சிறப்பு இதற்கு உண்டு.

செம்பனைக் குலையை அறுத்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. அறுத்த குலையை விரைந்து ஆலைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். பழம் அடிபட்டும் காத்துக் கிடந்தும் போனால் அதிலுள்ள நொதிகள் எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலத்தைப் பெருக்கிவிடும். எண்ணெயின் தரம் குறையும். எனவே, அறுத்த 24 மணி நேரத்திற்குள் குலைகள் ஆலையை அடைய வேண்டும் என்பது தோட்டங்களில் நிலவும் பொது விதி. இதற்காக முன்பு மாட்டுவண்டிகள் ஓடின. பெரிய தோட்டங்கள் சிலவற்றில் சிறு தண்டவாளங்களும் போடப்பட்டன. இன்று டிராக்டரும் அதன் பின்னால் பூட்டிய டிரெய்லரும் அப்பணியைச் செய்கின்றன.

ஊர்திகள் மாறின, ஆனால், ஒரு தேவை மட்டும் மாறவில்லை. இழுக்கும் வண்டியையும் இழுபடும் வண்டியையும் சேர்த்துப் பிடிக்க ஓர் இணைப்பு வேண்டும். அது பெரும்பாலும் கையளவே இருக்கும். ஆனால், பல ஆயிரம் கிலோகிராம் பாரமும் அவ்வழியே செல்வோரின் உயிரும் அதை நம்பியே இருக்கின்றன. உருண்டோடும் பெரிய தேரையும் அதன் சிறிய அச்சாணியையும் எடுத்துக்காட்டி, உருவத்தைக் கண்டு எதையும் இகழக்கூடாது என்று வள்ளுவர் வினைத்திட்பம் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். அந்த அறிவுரை டிரெய்லரின் இணைப்புக்கும் அப்படியே பொருந்தும்.

மாட்டுவண்டி கற்றுத்தந்த பாடம்

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றும்போது பெரியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொற்களைப் பயன்படுத்துவார்கள். வண்டியின் முன்பக்கத்தில் பாரம் மிகுந்தால் அது முன்பாரம். அப்போது நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். மாடுகள் விரைவில் களைத்துப்போகும். பின்பக்கத்தில் பாரம் மிகுந்தால் அது பின்பாரம். அப்போது வண்டியின் பின்புறம் தாழ்ந்து ஏர்க்கால் மேலே எழும்பும்; நுகத்தடி மாடுகளின் கழுத்தை விட்டு உயர, பூட்டுக்கயிறு அவற்றின் தொண்டையை இறுக்கும். நுகத்தடி சிறிதளவு பாரத்துடன் கழுத்தில் படிந்திருப்பதே நல்ல நிலை.

இந்த அனுபவ அறிவு இன்றைய பொறியியலிலும் அப்படியே இருக்கிறது. டிரெய்லரின் முன்தண்டு, இழுக்கும் வண்டியின் மேல் சிறிதளவு அழுத்தத்துடன் அமர வேண்டும். அந்த அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் இழுக்கும் வண்டியின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். திருப்பியைத் திருப்பினாலும் வண்டி சரியாகத் திரும்பாது. அழுத்தம் போதாவிட்டால் டிரெய்லர் பாம்பு வளைவதுபோல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். வேகம் கூடக்கூட அந்த ஆட்டமும் கூடும். இணைப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பாரத்தை ஏற்றிய முறை தவறாக இருந்தால் அதனால் பயனில்லை.

தோட்டத்து டிராக்டரின் இணைப்பு

தோட்டத்து டிரெய்லரில் எவ்வளவு பாரம் இருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு குலையின் எடை 20 கிலோகிராம் என்று கொள்வோம். 150 குலைகளை ஏற்றினால் 3,000 கிலோகிராம். டிரெய்லரின் வெற்று எடை 1,000 கிலோகிராம் என்றால் மொத்தம் 4,000 கிலோகிராம் ஆகிறது. சமதரையில் இதை இழுப்பது எளிது. பத்து மீட்டர் தொலைவுக்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டில் ஏறும்போதோ, மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது 400 கிலோகிராம் அளவுக்கு இணைப்பு கூடுதலாக இழுபடும். இறக்கத்தில் அதே பாரம் இணைப்பின் வழியே டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். ஓட்டுநர் திடீரென்று வண்டியை எடுத்தாலோ நிறுத்தினாலோ இணைப்பின் மீது விழும் அடி இன்னும் பெரிதாகும்.

இணைப்பு பாரத்தைத் தாங்கினால் மட்டும் போதாது; அசையவும் வேண்டும். வளைவில் திரும்பும்போது டிரெய்லர் இடமும் வலமும் அசைகிறது. மேட்டில் ஏறி இறங்கும்போது மேலும் கீழும் அசைகிறது. டிராக்டரின் சக்கரங்கள் வரப்பில் இருக்க, டிரெய்லரின் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் முன்தண்டு முறுக்கிக்கொள்கிறது. இந்த மூவகை அசைவுக்கும் இணைப்பு இடம் தர வேண்டும். இடம் தராவிட்டால் ஏதேனும் ஓர் இரும்பு வளையும் அல்லது உடையும்.

கோலா சிலாங்கூரின் கடலோரத் தோட்டங்கள் பெரும்பாலும் சமதரையில் அமைந்தவை. ஆனால், வடிகால்களும் மண்பாதைகளின் பள்ளங்களும் அங்கு மிகுதி. உலு சிலாங்கூர்ப் பக்கத் தோட்டங்களில் மேடும் சரிவும் உண்டு. இத்தகைய பாதைகளில் பயன்படும் டிராக்டர்களில், துளையிட்ட இழுவைத் தண்டின் மேல் டிரெய்லரின் வளையத்தைப் பொருத்தி, தடித்த இணைப்பாணியைச் செருகுவது எளிய முறை. வளையத்துக்கும் ஆணிக்கும் இடையே சற்று இடைவெளி இருப்பதால் வண்டி முறுக்கிக்கொண்டாலும் இணைப்பு தாக்குப்பிடிக்கும். அந்த இடைவெளியால் ‘டக் டக்’ என்று ஓசை எழும். டிராக்டர் மெதுவாகச் செல்வதால் அதனால் பெரிய கேடு இல்லை. அதே இணைப்பை விரைவாகச் செல்லும் மகிழுந்தில் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறை வேகம் மாறும்போதும் அது சம்மட்டிபோல் அடிக்கும்.

இணைக்கும் உயரமும் முக்கியமானது. டிராக்டரின் இழுவைத் தண்டு பின்னச்சுக்குக் கீழே தாழ்வாக அமைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. சேற்றில் சிக்கிய வண்டியை இழுப்பதற்காகச் சிலர் சங்கிலியை அச்சிலோ அதற்கும் மேலோ மாட்டுவார்கள். அவ்வாறு செய்து வேகத்தைக் கூட்டினால், பின்சக்கரங்கள் நகர முடியாத நிலையில் டிராக்டரின் முன்புறம் மேலே எழும்பும். அடுத்த நொடியில் அது பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கிவிடக்கூடும். குதித்துத் தப்பிக்க நேரமே இருக்காது. எனவே, எதை இழுப்பதாயினும் இழுவைத் தண்டில் மட்டுமே மாட்ட வேண்டும்.

இரு வண்டிகளுக்கு நடுவில்

இணைப்பினால் நேரும் விபத்துகள் ஓட்டத்தின்போது மட்டும் நிகழ்வதில்லை, பூட்டும்போதும் நிகழ்கின்றன. இதற்கு அமெரிக்க இரயில்வேயின் வரலாறு நல்ல சான்று. 19ஆம் நூற்றாண்டில் அங்கு இரயில் பெட்டிகளை ஒரு வளையத்தாலும் ஆணியாலும் இணைத்தார்கள். ஒரு தொழிலாளி இரு பெட்டிகளுக்கு நடுவில் நின்று, நகர்ந்துவரும் பெட்டியின் வளையத்தைக் கையால் பிடித்து, சரியான நொடியில் ஆணியைச் செருக வேண்டும். நொடி தவறினால் விரல் போகும். சில வேளைகளில் உயிரும் போகும். விரல்களை இழந்த கையைப் பார்த்தே ஒருவர் இரயில்வேத் தொழிலாளி என்று அறியும் அளவுக்கு இவ்விபத்துகள் மலிந்திருந்தன.

ஈலை ஜானி என்பவர் 1873இல் ஒரு தானியங்கி இணைப்புக்குக் காப்புரிமை பெற்றார். கைவிரல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதுபோல், பெட்டிகள் மோதும்போது அது தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆயினும், அதைப் பொருத்தச் செலவாகும் என்பதால் இரயில் நிறுவனங்கள் பல தயங்கின. 1893இல் அமெரிக்க நாடாளுமன்றம் தானியங்கி இணைப்புகளைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. அதன் பிறகே நிலைமை மாறியது. தொழிலாளியின் கவனம் ஒன்றையே நம்பியிருந்த பாதுகாப்பைச் சட்டமும் கருவியும் சேர்ந்து ஏற்றுக்கொண்டன.

நம் நாட்டிலும் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளர்களின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக வைத்துள்ளது. தன் பாதுகாப்பிலும் பிறர் பாதுகாப்பிலும் கவனம் கொள்வது தொழிலாளியின் கடமை. தோட்டத்தில் இதன் பொருள் எளியது: டிராக்டர் பின்னோக்கி நகரும்போது டிரெய்லருக்கும் அதற்கும் நடுவில் யாரும் நிற்கக்கூடாது. வண்டி முழுமையாக நின்று, கைத்தடையும் போட்ட பிறகே ஆணியைச் செருக வேண்டும்.

முகாம் வண்டிக்கு ஓர் இணைப்பு

தோட்டத்து அறிவு தோட்டத்துக்கு வெளியேயும் உதவும். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பெஸ்தாரி ஜெயாவில் வாழும் தாத்தா முப்பது ஆண்டுகள் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஷா ஆலாமில் பணிபுரியும் அவருடைய பேரன் பழைய முகாம் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, கோலா சிலாங்கூர், தஞ்சோங் காராங் வழியாகச் சிகிஞ்சான் கடற்கரைக்குச் செல்வது அவருடைய திட்டம். முகாம் வண்டியை மகிழுந்தில் பூட்டி, தாத்தாவிடம் காட்ட வந்திருக்கிறார்.

“இந்தக் குமிழ் 1,500 கிலோவைத் தாங்கும் தாத்தா. இந்த வண்டிக்கு அது தாராளம்” என்றார் பேரன்.

“குமிழ் தாங்கும் தம்பி. மற்றதெல்லாம் எவ்வளவு தாங்கும்?” என்று கேட்டார் தாத்தா.

இருவரும் ஒவ்வொன்றிலும் பொறித்திருந்த எண்ணைப் படித்தார்கள். மகிழுந்தின் கையேட்டின்படி அது இழுக்கக்கூடிய எடை 1,000 கிலோகிராம். மகிழுந்தில் பொருத்திய இழுவைச் சட்டம் 1,200 கிலோகிராம் தாங்கும். குமிழ் 1,500 கிலோகிராம் தாங்கும். முகாம் வண்டியின் முன்தண்டிலுள்ள கிண்ணத்தில் 750 கிலோகிராம் என்று பொறித்திருந்தது. இந்த நான்கில் எது மிகக் குறைவோ அதுவே முழு வண்டிக்கும் எல்லை. ஆகவே, இழுக்கக்கூடிய மொத்த எடை 750 கிலோகிராம்தான்.

முகாம் வண்டியின் வெற்று எடை 560 கிலோகிராம். எஞ்சுவது 190 கிலோகிராம். தண்ணீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோகிராம். மின்கலம் 25, எரிவாயுக் கலனும் அடுப்பும் 30, கூடாரமும் மேசை நாற்காலிகளும் 50, உணவோடு கூடிய குளிர்ப்பெட்டி 40. எல்லாவற்றையும் கூட்டினால் 205 கிலோகிராம் ஆகிறது. எல்லையைவிட 15 கிலோகிராம் மிகுதி.

“பதினைந்து கிலோதானே தாத்தா?”

“மயில்பீலி மென்மையானதுதான். அதையும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது உனக்குப் பள்ளியிலேயே தெரியுமே. தண்ணீரை இங்கிருந்து ஏன் சுமக்கிறாய்? சிகிஞ்சானில் நிரப்பிக்கொள்.”

தண்ணீரை விட்டதும் மொத்த எடை 705 கிலோகிராமாகக் குறைந்தது. அடுத்து முன்பாரத்தைப் பார்த்தார்கள். குளியலறை எடைக்கருவியைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, முன்தண்டை அதன்மீது இறக்கினார்கள். கருவி 35 கிலோகிராம் காட்டியது. மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முன்பாரமாக இருப்பது நல்லது. ஆனால், மகிழுந்தின் கையேடு குறிப்பிடும் உச்ச அளவை அது மீறக்கூடாது. இங்கு அந்த உச்ச அளவு 75 கிலோகிராம். பேரன் பின்பக்கத்தில் வைத்திருந்த கூடாரத்தையும் குளிர்ப்பெட்டியையும் அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்தி, தரையோடு சேர்த்துக் கட்டினார். கருவி 68 கிலோகிராம் காட்டியது.

“இப்போது நுகத்தடி கழுத்தில் உட்கார்ந்துவிட்டது” என்றார் தாத்தா.

பூட்டியது போலத் தோன்றிய பூட்டு

பேரன் மகிழுந்தைப் பின்னோக்கி நகர்த்தி, கிண்ணத்தைக் குமிழின்மேல் இறக்கிப் பூட்டினார். நெம்புகோல் ‘கிளிக்’ என்று படிந்தது. பார்வைக்குக் குறையொன்றும் தெரியவில்லை. தாத்தா மட்டும் அத்துடன் விடவில்லை. முன்தண்டிலுள்ள தாங்குச்சக்கரத்தின் கைப்பிடியைச் சுழற்றி முன்தண்டை மேலே உயர்த்தச் சொன்னார். இணைப்பு சரியாக இருந்தால் மகிழுந்தின் பின்புறமும் அதனுடன் சேர்ந்து உயர வேண்டும். ஆனால், மகிழுந்து அசையவில்லை. கிண்ணம் குமிழைவிட்டு மெல்லக் கழன்று தனியே மேலெழுந்தது.

பேரன் திகைத்துப்போனார். பின்னர் இருவரும் குனிந்து பார்த்தார்கள். கிண்ணத்தில் 50 மில்லிமீட்டர் என்று பொறித்திருந்தது. குமிழில் 1⅞ அங்குலம் என்று இருந்தது. அது 47.6 மில்லிமீட்டருக்குச் சமம். வேறுபாடு வெறும் 2.4 மில்லிமீட்டர். சமதரையில் மெதுவாகச் செல்லும்வரை அந்த இணைப்பு தாக்குப்பிடித்திருக்கலாம். பாலத்தை ஏறி இறங்கும்போதோ சாலைப் பள்ளத்தில் குலுங்கும்போதோ கிண்ணம் குமிழைவிட்டு எழும்பியிருக்கும். கழன்ற முகாம் வண்டி எதிரே வரும் மோட்டார்சைக்கிளை நோக்கிச் சென்றிருக்கவும் கூடும்.

குமிழ்கள் பல அளவுகளில் விற்கப்படுகின்றன. 47.6, 50, 50.8, 58.7 மில்லிமீட்டர் ஆகியவை பரவலானவை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பயன்படுத்தக்கூடாது. குமிழையும் கிண்ணத்தையும் ஒரே அளவில் வாங்க வேண்டும். நல்ல தார்ச்சாலையில் செல்வோருக்குக் குமிழ் இணைப்பு ஏற்றது. அதில் இடைவெளி இல்லாததால் வண்டி அடிபடாமல் செல்லும். தோட்டப்பாதையிலும் ஆற்றங்கரையிலும் முகாமிடுவோர், மிகுதியாக முறுக்கிக்கொள்ள இடம் தரும் வேறு வகை இணைப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எந்தப் பாதையில் செல்லப்போகிறோம் என்பதே எந்த இணைப்பு வேண்டும் என்பதை முடிவு செய்கிறது.

புறப்படுமுன்

சரியான இணைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகும் இரண்டாவது காவல் ஒன்று வேண்டும். இணைப்பாணி மேலெழும்பாமல் இருக்க அதன் துளையில் பூட்டுக்கம்பி மாட்ட வேண்டும். ஆணி தொலைந்துவிட்டால் கையில் கிடைத்த இரும்புக்கம்பியை வெட்டிச் செருகும் வழக்கம் சிலரிடம் உண்டு, அது ஆபத்தானது. உரிய ஆணியின் தடிமனும் உறுதியும் அந்தக் கம்பிக்கு இருக்காது. சாலையில் செல்லும் முகாம் வண்டிக்குப் பாதுகாப்புச் சங்கிலிகள் தேவை. அவற்றை முன்தண்டின் கீழே ஒன்றையொன்று குறுக்கிடும்படி மாட்ட வேண்டும். இணைப்பு கழன்றாலும் முன்தண்டு அந்தச் சங்கிலிகளின்மேல் விழும், தரையில் குத்தாது. சங்கிலிகள் வளைவில் திரும்பும் அளவுக்கு நீளமாகவும் தரையில் உரசாத அளவுக்குக் குட்டையாகவும் இருக்க வேண்டும்.

இரும்பு தேய்வதையும் மறக்கக்கூடாது. நாள்பட்ட ஆணி நடுவில் இடுப்புப்போல் ஒடுங்கும். வட்டமான துளை நீண்டு முட்டை வடிவமாகும். குமிழ் ஒரு பக்கம் தட்டையாகும். தோட்டத்தில் உரமும் கடலோரத்தில் உப்புக்காற்றும் இரும்பை அரிக்கும். ஆகவே, மசகு இடுவதோடு, அவ்வப்போது துடைத்து, அளந்து, தேய்ந்ததை மாற்றவும் வேண்டும். சாலையில் இழுத்துச் செல்லும் வண்டிக்குரிய விதிகளைச் சாலைப் போக்குவரத்துத் துறையிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டறிவது உரிமையாளரின் பொறுப்பு.

ஓட்டத்தின்போது வண்டி ஆடத் தொடங்கினால் தடையை ஓங்கி மிதிக்கக்கூடாது. வேகத்தைக் கூட்டவும் கூடாது. எரிபொருள் மிதியிலிருந்து காலை எடுத்து, திருப்பியை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறையும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு ஓரமாக நிறுத்தி, பாரத்தை மாற்றி அடுக்க வேண்டும்.

பேரன் அன்று புறப்படவில்லை. பிள்ளைகள் முகம் வாடினார்கள். மறுநாள் காலையில் 50 மில்லிமீட்டர் குமிழை வாங்கிவந்து பொருத்தினார். தாத்தா எதுவும் சொல்லவில்லை. பேரனே தாங்குச்சக்கரத்தின் கைப்பிடியைச் சுழற்றினார். இம்முறை மகிழுந்தின் பின்புறம் முன்தண்டோடு சேர்ந்து உயர்ந்தது. பிறகு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டி, விளக்குகளைச் சரிபார்த்தார். அதன்பின் பிள்ளைகளை வண்டியில் ஏறச் சொன்னார்.